போர் தண்ணி, 15 லிட்டர் ஹீட்டர், 26 மாசத்தில் இரண்டாவது காயில்: ரிப்பேரா, புதுசா?

சிறுவாணிப்பிரியன் · ஜனவரி 4, காலை 7:40

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இருந்தவரை எங்கள் வீட்டு ஹீட்டரை ஒன்பது வருஷம் யாரும் திறந்தே பார்த்ததில்லை. சிறுவாணித் தண்ணியின் புண்ணியம் என்று இப்போதுதான் புரிகிறது. சென்னை மேடவாக்கத்துக்குக் குடிவந்து, புதுசாக 15 லிட்டர், 2 கிலோவாட், உள்ளே எனாமல் பூசிய டேங்க் ஹீட்டர் வாங்கினோம். 14-வது மாசம் காயில் போனது, வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது 26-வது மாசம். காயிலுக்கு வாரண்டி இரண்டு வருஷம்தான். ரெண்டு மாசத்தில் தப்பிவிட்டது, கம்பெனிக்கு நல்ல நேரம்.

நிலவரம் இதுதான்: ஸ்விட்ச் போட்டுப் பத்து நிமிஷத்தில் மொத்த வீட்டுக்கும் கரண்ட் போகிறது. ஈ.எல்.சி.பி (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடும் பெட்டி) விழுந்திருக்கிறது. ஹீட்டரின் அடியில் ஈரம், சொட்டுச் சொட்டாக. சர்வீஸ் ஆள் வந்தார், மூடியைக்கூடக் கழற்றவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டேங்க் போச்சு சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு போட்டுடுங்க" என்றார்.

நான், மனைவி, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, வெந்நீர் இல்லாமல் முடியாது. கேள்வி இரண்டு. டேங்க் போனது நிஜமா? புதுசு என்றால் 15-ஆ, 25-ஆ, இல்லை இன்ஸ்டன்டா?

நெறியாளர் · காலை 7:52

பழைய விதிதான்: எந்த கம்பெனி நல்லது, எது மோசம் என்று பெயர் போட்டு எழுத வேண்டாம். சர்வீஸ் ஆட்களின் போன் நம்பரும் வேண்டாம். போன மழைக்காலத்து இன்வெர்ட்டர் இழை என்ன ஆனதென்று எல்லோருக்கும் நினைவிருக்கும்.

எளியவழி · காலை 8:15

ப்ரோ, ஈ.எல்.சி.பி ரொம்ப சென்சிட்டிவ். தொட்டதுக்கெல்லாம் விழும். எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி ஹீட்டர் லைனை மட்டும் அதுக்கு வெளியே எடுத்துடுங்க. எங்க வீட்ல மூணு வருஷமா அப்படித்தான் ஓடுது, ஒரு தொந்தரவும் இல்ல.

கம்பிமீட்டர் · காலை 8:31

எளியவழி தம்பி, முதல்ல உங்க வீட்டு லைனை இன்னைக்கே திருப்பி மாத்துங்க. விளையாட்டுக்குச் சொல்லல. இருபத்திரண்டு வருஷம் தாம்பரம் பக்கம் ஹீட்டர் சர்வீஸ் பார்த்தவன் நான். பாத்ரூம்ல ஷாக் அடிச்சுப் போன வீட்டுக்கு மறுநாள் போய் நின்னிருக்கேன்.

அந்தப் பெட்டி எதுக்கு விழுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சமமா இருக்கணும். 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தா அது வேற எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம், உடனே வெட்டிடும். ஹீட்டர்ல கசியுற இடம் தண்ணி. அந்தத் தண்ணி வர்றது ஷவர்ல. ஷவர்க்குக் கீழே நிக்கிறது நம்ம ஆளு.

சிறுவாணி சார், உங்களுக்கு. காயிலோட உறைக்குள்ள ஒரு மெல்லிய கம்பி ஓடும், அதைச் சுத்தி வெள்ளைப் பொடி அடைச்சிருப்பாங்க, கரண்ட் வெளியே வராம இருக்க. உறை மேல உப்பு கட்டினா சூடு தண்ணிக்குப் போகாது, உறையே பழுக்கும், ஒருநாள் விரியும். விரிசல் வழியா பொடி ஈரம் குடிச்சுடும். ஆறியிருக்கும்போது தாக்குப் பிடிக்கும், சூடு ஏற ஏற கசிவு கூடும். உங்களுக்குப் பத்து நிமிஷம் கழிச்சு விழுறது அதனாலதான். இது காயில் கேஸ், ரூபாய்க்கு 90 பைசா நிச்சயம். டேங்க் போச்சுன்னு டார்ச் அடிச்சுச் சொன்னவர் கண்ணு எக்ஸ்ரே கண்ணா இருக்கணும்.

இதைச் சொல்லுங்க: குழாயைத் தொட்டா சுருக்குன்னு இருந்துச்சா? தெர்மோஸ்டாட்டை எங்க வெச்சிருக்கீங்க? ஈரம் எந்த இடத்துல? தண்ணி போரா, லாரியா? சேஃப்டி வால்வு சொட்டுமா?

சிறுவாணிப்பிரியன் · காலை 9:05

அண்ணா, பதில்கள்.

போன வாரம் மனைவிக்குக் குழாயில் லேசாகச் சுருக்கென்றது என்றாள். நான்தான் குளிருக்கு அப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டேன். (இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.) தெர்மோஸ்டாட் கடைசிப் புள்ளியில், 75-ல். போரும் லாரியும் கலந்து வரும். ஆர்.ஓ மாட்டியவர் டி.டி.எஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) 1,400 என்றார். நான்கு மாடிக் கட்டடம், நாங்கள் இரண்டாவது மாடி, பிரஷர் பம்ப் கிடையாது.

சேஃப்டி வால்வு முன்பு சொட்டிக்கொண்டுதான் இருந்தது. கண்ணாடி மேல் விழுகிறது என்று தீபாவளிக்கு வேறு வேலையாக வந்த பிளம்பரிடம் சொன்னேன். அவர் அந்தச் சின்னக் குழாய்க்கு ஒரு டம்மி போட்டு அடைத்துக் கொடுத்தார். அதிலிருந்து சொட்டு இல்லை.

கம்பிமீட்டர் · காலை 9:09

மெயின் போர்டுல இருக்கிற ஹீட்டர் எம்.சி.பி-யை இப்பவே கீழே இறக்குங்க. பாத்ரூம் ஸ்விட்ச் போதாது, எம்.சி.பி. இறக்கிட்டு வந்து எழுதுங்க.

சிறுவாணிப்பிரியன் · காலை 9:16

இறக்கிவிட்டேன். மாமியாருக்கு கேஸ் அடுப்பில் தண்ணீர் போட்டாயிற்று.

கம்பிமீட்டர் · காலை 9:38

நன்றி. இப்ப உட்கார்ந்து பேசலாம்.

அந்த வால்வு நாலு வேலை பார்க்குது. சூடான தண்ணி பைப்ல திரும்பிப் போகாம தடுக்கும், அழுத்தம் கூடினா கொஞ்சம் வெளியே விடும், டேங்க் காலியானா உள்ளே காத்தை விடும், லீவரைத் தூக்கினா டேங்கை வடிக்கலாம். திரும்பிப் போற வழியை அதுவே மூடிடுச்சு. அப்போ சூட்டுல விரியுற தண்ணிக்கு இருக்கிற ஒரே வாசல் அந்தச் சொட்டுக் குழாய்தான். அதையும் டம்மி போட்டு அடைச்சா? ஷவர் திறக்கிற வரைக்கும் டேங்க் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சுன்னா மிச்சம் இருக்கிறது, சூடு மீறினா கரண்டை வெட்டுற கட்-அவுட் ஒண்ணுதான். அதுவும் வேலை செய்யலைன்னா… வேணாம் விடுங்க.

சொட்டுறதை நிறுத்தக் கூடாது, சொட்டுற இடத்தை மாத்தணும். ஒரு டியூப் மாட்டி வடிகால் பக்கம் விட்டா கண்ணாடியும் நனையாது. டியூப் கீழ்முகமா, முனை திறந்து இருக்கணும்.

கணக்குப்புலி · காலை 10:20

எத்தனை சொட்டு என்று கணக்கு வேண்டுமா? 15 லிட்டரை 26 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோனால் சுமார் 200 மில்லி விரியும். ஒரு டம்ளர். 75-க்குக் கொண்டுபோனால் 340 மில்லி. ஆகவே ஹீட்டர் ஓடும்போது மட்டும் ஒரு டம்ளர் சொட்டினால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். ஹீட்டர் ஆறிக் கிடக்கும்போதும் விடாமல் சொட்டினால்தான் பழுது: வால்வு வாயில் மணலோ உப்போ சிக்கியிருக்கும், அல்லது உள்ளே வரும் அழுத்தம் அதிகம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார். நான்கு மாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு பார்கூட வராது, ஆகவே இங்கே அழுத்தம் காரணமில்லை. பதினைந்து மாடி, பிரஷர் பம்ப் என்று இருப்பவர்கள்தான் 8 பார் தாங்கும் டேங்க் என்று பார்த்து வாங்க வேண்டும்.

அம்சவேணி · காலை 11:02

எங்க ஆச்சி வீட்டுல செம்பு பாய்லர் இருந்தது. நடுவில் குழாய் மாதிரி ஓட்டை, அதில் தேங்காய் மட்டையும் கரியும் போட்டு எரிப்போம். மேலே ஊற்றின பச்சைத் தண்ணிக்கு வெந்நீர் கீழ்க் குழாயில் வரும். மேல் வாய் திறந்தே இருக்கும், அதனால் வால்வும் வேண்டாம், டம்மியும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. இப்போ யோசித்தால் அந்தப் புளிதான் உப்பு எடுக்கிற சர்வீஸ்!

சிறுவாணி தம்பி, ஒன்று மட்டும். அடுப்பில் கொதித்த பானையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூம் வரை நடக்காதீங்க. வாளியில் பாதி பச்சைத் தண்ணியை முதலில் பிடித்து வைத்துவிட்டு, செம்பால் மொண்டு ஊற்றுங்க. வாளித் தண்ணியில் போடுகிற ஹீட்டர் ராடு வாங்கித் தொங்கவிடலாம் என்று யாராவது சொன்னால், வீட்டில் குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிடுங்க.

கம்பிமீட்டர் · மதியம் 1:15

அம்சாக்கா சொன்னது சரி. இப்போ டேங்க் விஷயம். ஈரம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம முடிவு எடுக்கக் கூடாது.

அடிப்பக்கத்து பிளாஸ்டிக் மூடியைக் கழட்டுங்க. எம்.சி.பி கீழேதான் இருக்கணும். நடுவுல வட்டமா இரும்புத் தட்டு, சுத்தி நட்டு இருக்கும், அதான் பிளாஞ்ச். காயிலும், டேங்க் துருப்பிடிக்காம காக்குற ஆனோட் கம்பியும் அதுலதான் தொங்கும். நல்லாத் துடைச்சு முகப்பவுடர் தூவுங்க. டேங்க் நிறையத் தண்ணி இருக்கட்டும், ரெண்டு மணி நேரம் விடுங்க. பிளாஞ்ச் ஓரத்துல பவுடர் நனைஞ்சா காஸ்கெட் (நடுவுல இருக்கிற ரப்பர் வளையம்) கேஸ், நூத்திச் சில்லறை ரூபாய் வேலை. பிளாஞ்ச் காய்ஞ்சு இருந்து, வெளி உடம்புக்கும் டேங்குக்கும் நடுவுல இருக்கிற ஃபோம் வழியா தண்ணி வந்தா டேங்க் ஓட்டை. அதுக்கு வைத்தியம் இல்ல. வெல்டிங் வெச்சுத் தர்றேன்னு யாராவது வந்தா அனுப்பிடுங்க, எனாமல் மேல வெல்டிங் வெச்சா சுத்தி இருக்கிற எனாமலும் தெறிச்சுடும்.

சிறுவாணிப்பிரியன் · ஜனவரி 5, காலை 6:50

பவுடர் பிளாஞ்ச் ஓரத்தில் மட்டும்தான் நனைந்திருக்கிறது! ஃபோம் பக்கம் காய்ந்து கிடக்கிறது.

தெரிந்த பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கூட நின்று பார்க்கப் போகிறேன்.

கோத்தகிரிக்காரி · காலை 9:30

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இன்ஸ்டன்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் 3 கிலோவாட், 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வாங்கி ஏமாந்தோம். கடைக்காரர் கோவைக்காரர், அவர் ஊருக்கு அது சரியாக இருந்திருக்கும். எங்கள் தொட்டியில் டிசம்பர் காலையில் தண்ணீர் 11 டிகிரி. குழாயை நூல் போல் திறந்தால் வெந்நீர், கொஞ்சம் கூடத் திறந்தால் பச்சைத் தண்ணீர். வாளி நிறைவதற்குள் காபி குடித்து முடித்துவிடலாம்.

கணக்குப்புலி · காலை 10:05

காபி குடித்து, டம்ளரும் கழுவிவிடலாம். 11-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்ற 3 கிலோவாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டர்தான் முடியும். 20 லிட்டர் வாளிக்குப் பதிமூன்று நிமிஷம். சென்னையில் 26-லிருந்து 40 என்பதால் நிமிஷத்துக்கு மூன்று லிட்டர், வாளிக்கு ஆறரை நிமிஷம். வாளிக் குளியலுக்கு இங்கே போதும். ஷவருக்குப் போதாது. ஹீட்டர் ஒன்றுதான், ஊரும் மார்கழியும்தான் மாறுகின்றன.

ஸ்டோரேஜ் பக்கம்: 15 லிட்டரை 55-க்குச் சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து 40 டிகிரியில் குளித்தால் சுமார் 31 லிட்டர் கிடைக்கும், ஒன்றரை வாளி. 25 லிட்டர் என்றால் 50 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 15 லிட்டர் மறுபடி சூடாக 2 கிலோவாட்டில் கால் மணி நேரம், செலவு அரை யூனிட். நான்கு பேர் அடுத்தடுத்து வாளியில் குளிக்கும் வீட்டுக்கு 15 தாராளம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஷவரில் நிற்கும் வீட்டுக்கு 25.

கம்பிமீட்டர் · காலை 10:40

புலி கணக்குல ஒண்ணு விட்டுட்டார். இன்ஸ்டன்ட்ல டேங்க் சின்னது, காயில் பெருசு. உப்புத் தண்ணியில அது ஸ்டோரேஜை விட சீக்கிரம் வாயை மூடிக்கும். அந்த ஏரியாவுக்கு நான் சொல்ல மாட்டேன். 3 கிலோவாட்னா 13 ஆம்பியர் இழுக்கும், பழைய வீட்டு 6 ஆம்பியர் பாயின்ட்ல சொருகிட்டு பிளக் உருகுதுன்னு கூப்பிடுறவங்க நிறைய. எதுவா இருந்தாலும் 16 ஆம்பியர் பாயின்ட், தனி லைன், சரியான எர்த்.

கேஸ் ஹீட்டர் யாரும் கேட்கல, இருந்தாலும் சொல்லிடறேன். ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்குள்ள அது வேணவே வேணாம். எரியுறதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை சுத்தி உட்காருவாங்க, எழுந்திருக்க மாட்டாங்க.

மொட்டைமாடி · மாலை 6:12

எல்லோரும் கரண்டிலேயே நிற்கிறீர்கள். ஈரோட்டில் எங்கள் மாடியில் 200 லிட்டர் சோலார் எட்டு வருஷமாக இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் ஹீட்டர் ஸ்விட்சையே தொடுவதில்லை.

கணக்குப்புலி · மாலை 6:30

தனி வீட்டுக்கு முதல் தேர்வு அதுதான், மறுப்பில்லை. இவர் அபார்ட்மென்டில் இரண்டாவது மாடி. மாடியில் இடம் கேட்டு அசோசியேஷனில் கைதூக்க வேண்டும். அங்கிருந்து முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் வளைந்து வந்தால் அதற்குள்ளேயே நாலரை லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். தினமும் காலையில் அதைக் கொட்டிவிட்டுத்தான் வெந்நீர். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுப்பவர் அதைக் கொட்ட மாட்டார்.

மொட்டைமாடி · மாலை 6:41

கொட்டுவானேன், துணி ஊறவைக்கலாமே. ஆனால் உப்புத் தண்ணீரில் கண்ணாடிக் குழாய் அடியில் வெள்ளையாகக் கட்டுவது உண்மை. வருஷம் ஒருமுறை எங்களுக்கும் அந்த வேலை இருக்கிறது. நவம்பரில் மூன்று நாள் தொடர்ந்து மூட்டமாக இருந்தால் அதற்குள்ளும் ஒரு காயில்தான் கைகொடுக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

சிறுவாணிப்பிரியன் · ஜனவரி 7, மதியம் 12:20

திறந்தாயிற்று. நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

எம்.சி.பி இறக்கி, உள்ளே வரும் வால்வை மூடி, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வால்வு லீவரைத் தூக்கினால் தண்ணீர் வரவேயில்லை. டம்மியைக் கழற்றிய பிறகும் வரவில்லை. வாய்க்குள் குச்சி விட்டுக் குத்தினான் பையன், முதலில் சேறு மாதிரி வந்தது, அப்புறம்தான் தண்ணீர். பிளாஞ்சைக் கீழே இறக்கியதும் முட்டை ஓட்டை நொறுக்கியது போல் தூள் கொட்டியது. மகளின் பழைய பால்பவுடர் டப்பாவில் அள்ளினோம், ஒரு டப்பா நிறைந்து இன்னும் பாதி.

காயில் வெள்ளைப் பூசணிக் காம்பு தடிமனுக்கு இருந்தது. ஒரு வளைவில் உப்பு உதிர்ந்த இடத்தில் கருப்பாக நீளவாட்டில் பிளவு. ஆனோட் என்று நீங்கள் சொன்னது? ஒரு கம்பி மட்டும் தொங்கியது, அதுதான் ஆனோட் என்று பையன் சொன்ன பிறகுதான் தெரிந்தது. காஸ்கெட் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருந்தது.

டேங்க் உள்ளே மொபைல் டார்ச் விட்டுப் பார்த்தோம். எனாமல் நீலமாகப் பளபளக்கிறது. ஒரு வெல்டிங் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவுக்குத் துரு.

கம்பிமீட்டர் · மதியம் 12:48

தப்பிச்சீங்க. எனாமல்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை எப்பவும் இருக்கும். அங்க இரும்பு அரிக்காம இருக்கத்தான் மக்னீசியம் ஆனோட். இரும்புக்குப் பதிலா அது கரையும். அது முழுசாத் தீர்ந்து கொஞ்ச நாள்தான் ஆயிருக்கும், அதனால துரு நகக்கண்ணோட நிக்குது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே ஓட்டியிருந்தா அந்த டார்ச் ஆள் சொன்னது பலிச்சிருக்கும்.

காஸ்கெட் பிதுங்கினது டம்மி போட்ட புண்ணியம். அழுத்தம் எங்கேயாவது வழி தேடும்ல.

காயில், காஸ்கெட், ஆனோட், வால்வு நாலும் புதுசு போடுங்க. புது காயில் மாட்டறதுக்கு முன்னாடி மீட்டர் வெச்சுப் பாருங்க: ரெண்டு முனைக்கும் நடுவுல 26 ஓம் கிட்ட காட்டணும், முனைக்கும் உறைக்கும் நடுவுல எதுவுமே காட்டக் கூடாது. டேங்க்ல மிச்சம் ஒட்டியிருக்கிற உப்பை மரக்கரண்டியால சுரண்டுங்க, சுத்தியல் ஆகாது. ஆசிட் ஊத்தலாம்னு பையன் சொல்வான், விடாதீங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட் காயில் செம்பையும் தின்னும், எனாமல் விட்ட இடத்து இரும்பையும் தின்னும், ஸ்டீல் டேங்கா இருந்தா அதையும் பொத்தல் போடும். நல்லா இருக்கிற காயிலைச் சுத்தம் பண்ணணும்னா லெமன் சால்ட்டை (சிட்ரிக் ஆசிட் தூள்) வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊறப் போட்டா போதும். பொங்கிக்கிட்டே உதிரும்.

எளியவழி · மதியம் 1:30

கம்பி அண்ணா, எங்க லைனை நேத்து திருப்பி ஈ.எல்.சி.பி-க்குள்ள கொண்டுவந்துட்டேன். போட்ட அஞ்சாவது நிமிஷம் விழுந்துச்சு. 😶

கம்பிமீட்டர் · மதியம் 1:34

மூணு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லைன்னு எழுதினீங்க. தனி இழை போடுங்க, பார்க்கலாம்.

சிறுவாணிப்பிரியன் · மதியம் 2:10

டி.டி.எஸ் 1,400 என்பதால்தான் இவ்வளவு உப்பா? பக்கத்து பிளாட்டில் ஒருவர் டி.டி.எஸ் மீட்டரோடு வந்து ஸ்டீல் டேங்க் போட்டால் பிரச்சனையே வராது என்கிறார்.

கணக்குப்புலி · மாலை 4:45

இங்கேதான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். டி.டி.எஸ் மீட்டர் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். சமையல் உப்பும் அதில் உண்டு. காயிலில் கட்டுவது சமையல் உப்பு இல்லை. கால்சியம் பைகார்பனேட் சூட்டில் உடைந்து சுண்ணாம்பாக, கால்சியம் கார்பனேட்டாகப் படிவதுதான் கட்டுகிறது. ஆகவே கேட்க வேண்டியது கடினத்தன்மை. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் அது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 600 வரை. சொட்டு மருந்து மாதிரி கிட் கிடைக்கிறது, பத்து நிமிஷத்தில் வீட்டிலேயே பார்க்கலாம்.

டேங்க் தேர்வுக்கு இன்னொன்று வேண்டும்: குளோரைடு. திருவான்மியூர், ஈ.சி.ஆர் பக்கம் கடல்நீர் ஏறிய போரில் அது அதிகம். சூடான குளோரைடு தண்ணீர் ஸ்டீலை ஊசி குத்தினாற்போல் துளைக்கும். அங்கெல்லாம் ஆனோடோடு கூடிய நல்ல எனாமல் டேங்க் மேல். பக்கத்து பிளாட்காரர் மீட்டரில் 1,400 பார்த்தார். அந்த 1,400-ல் எது எவ்வளவு என்று பார்க்காமல் ஸ்டீல் என்று சொல்ல முடியாது.

ரொறன்ரோ_தம்பி · இரவு 9:20

வணக்கம் அண்ணைமார். இஞ்ச எங்கட வீட்டு நிலவறையில நிக்கிறது 180 லீற்றர் தாங்கி, காஸில ஓடுது. அதையும் கனபேர் மாத வாடகைக்குத்தான் வைச்சிருக்கினம், விக்கேக்க வாடகை ஒப்பந்தமும் வீட்டோட சேர்ந்து வரும், அது வேற கதை. அந்த அனோட் இஞ்சயும் இருக்கு, நான் பத்து வருசமாத் திறந்தே பாக்கேல்ல எண்டு இதை வாசிச்சாப் பிறகுதான் தெரியுது.

கேள்வி ஒண்டு: 75-ல வைச்சது பிழை எண்டால் எத்தினையில வைக்கிறது? இஞ்ச தாங்கியை 60-க்குக் கீழ இறக்க வேண்டாம் எண்டு சொல்லுவினம், லெஜியோனெல்லா கிருமி வளரும். குழாயில 49-க்கு மேல வரக்கூடாது எண்டு ஒன்ராறியோவில சட்டம், அதால நடுவில ஒரு கலக்கிற வால்வு போட்டிருக்கு.

கணக்குப்புலி · இரவு 9:50

நல்ல கேள்வி. இரண்டும் உண்மை. 60-க்கு மேலே போகப் போகச் சுண்ணாம்பு வேகமாகக் கட்டும். வெதுவெதுப்பாக நாள் முழுக்க நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும். உங்கள் தாங்கியில் 180 லிட்டர் எப்போதும் நிற்கிறது, ஆகவே 60 சரி. இவருடையது 15 லிட்டர், கால் மணி நேரத்தில் சூடாகி அப்போதே காலியாகிறது. நான் 55 என்பேன். கலக்கும் வால்வு இங்கே வீடுகளில் இல்லை. 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம், வீட்டில் மகளும் மாமியாரும் இருக்கிறார்கள்.

கம்பிமீட்டர் · இரவு 10:02

55 வெச்சுட்டு வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் முழுசா ஏத்தி விடுங்க, ரெண்டு பேர் சொன்னதும் ஆச்சு. அன்னைக்கு யார் குளிக்கிறாங்களோ முதல்ல பச்சைத் தண்ணி, அப்புறம் வெந்நீர்.

அம்சவேணி · ஜனவரி 8, காலை 7:15

எங்க வீட்டுக்காரர் ஹீட்டரை ராத்திரி முழுக்க ஆனிலேயே வைப்பார். "ஸ்டார் அஞ்சு இருக்கு, கரண்டே இழுக்காது" என்பார். சரியா?

கணக்குப்புலி · காலை 8:00

அக்கா, ஸ்டார் என்பது சும்மா நிற்கும்போது எவ்வளவு சூடு வெளியே போகிறது என்பதற்கு. லேபிளில் 24 மணி நேரத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். ஆனிலேயே வைப்பவருக்குத்தான் ஸ்டார் காசு மிச்சம் பண்ணும். குளிப்பதற்குக் கால் மணி முன்னால் போட்டு, குளித்ததும் அணைப்பவருக்கு மூன்றுக்கும் ஐந்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தண்ணீரைச் சூடாக்க எல்லா ஹீட்டருக்கும் அதே அரை யூனிட்தான். இரண்டு மாசத்தில் 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீடு என்றால் இந்தச் சில்லறை யூனிட்டும் கட்டணத் தட்டையே மாற்றிவிடும், அவரிடம் ஈ.பி அட்டையைக் காட்டுங்கள்.

சிறுவாணிப்பிரியன் · ஜனவரி 9, இரவு 8:30

முடிந்தது. காயில் 850, ஆனோட் 350, வால்வு 300, காஸ்கெட் 120, பையனுக்கு 600. மொத்தம் 2,220 ரூபாய். 26 ஓம் என்று மீட்டரில் பார்த்தபோது என்னவோ நானே டாக்டர் ஆனது போல் இருந்தது. ஈ.எல்.சி.பி விழவில்லை. டியூப் மாட்டி வடிகால் பக்கம் விட்டிருந்தோம், மாமியார் அதன் கீழ் ஒரு மக்கு வைத்துவிட்டார். சொட்டும் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுகிறாராம், ஆறிய பிறகுதான் என்று என்னிடம் சத்தியம் செய்தார்.

கடினத்தன்மை கிட் வாங்கிப் பார்த்தேன்: 640. கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் வைக்கலாமா என்று அசோசியேஷனில் கேட்டிருக்கிறேன்.

கம்பிமீட்டர் · இரவு 8:47

மொத்தக் கட்டடத்துக்கும் வெச்சா நல்லது. ஒருத்தர் உப்பு மூட்டை வாங்கிப் போட்டு ரீஜெனரேஷன் (உப்புத் தண்ணியால அதைக் கழுவி மறுபடி தயார் பண்றது) பார்க்கணும், அந்த ஒருத்தர் யாருன்னு முதல்ல முடிவு பண்ணுங்க. நான் பார்த்த பாதி சாஃப்ட்னர் மோட்டார் ரூம்ல தூசி படிஞ்சு நிக்குது. சாஃப்ட் தண்ணியில உப்பு கட்டாது, ஆனா ஆனோட் சீக்கிரம் கரையும். அதனால வெச்சாலும் வைக்காட்டியும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பாருங்க.

சிறுவாணிப்பிரியன் · ஆகஸ்ட் 17, மாலை 6:35

இழையை மேலே கொண்டுவருகிறேன். சாஃப்ட்னர் இன்னும் அசோசியேஷனில் "ஆலோசனையில்" இருக்கிறது.

இன்று நானே திறந்தேன். தூள் இந்தத் தடவை இரண்டு கைப்பிடிதான். 55-ல் வைத்ததன் பலன் என்று நினைக்கிறேன். காயிலில் மெல்லிய வெள்ளைப் படலம், லெமன் சால்ட்டில் போய்விட்டது. இரண்டு வாரமாக வெந்நீரில் லேசாக அழுகின முட்டை வாடை வருகிறது, பச்சைத் தண்ணீரில் இல்லை. ஆனோட் குறைந்திருக்கிறது. மாற்ற வேண்டுமா?

கம்பிமீட்டர் · மாலை 6:52

வாடை வர்றது ஒரு வகைக் கிருமி. மக்னீசியம் இருந்தா அதுக்குக் கொண்டாட்டம். வாராவாரம் முழுசா ஏத்தச் சொன்னேனே, ஏத்துனீங்களா? ஏத்தியிருக்க மாட்டீங்க. ரெண்டு மூணு நாள் 70-ல ஓட்டி, அந்தத் தண்ணியை வடிச்சு விடுங்க. அதுக்கும் போகலைன்னா அலுமினியம் கலந்த ஆனோட் கேட்டு வாங்கலாம்.

இப்ப இருக்கிறது எவ்வளவு தடிமன்? விரலா, பென்சிலா, ரீஃபிலா?

சிறுவாணிப்பிரியன் · மாலை 7:05

ஏத்தவில்லைதான். ஊருக்குப் போய் வந்ததில் விட்டுப்போயிற்று.

பென்சில்.

கம்பிமீட்டர் · மாலை 7:08

பொங்கல் வரைக்கும் தாங்கும். அதுக்கு முன்னாடி மாத்துங்க. மூடும்போது காஸ்கெட் புதுசு போட்டீங்கல்ல?

சிறுவாணிப்பிரியன் · மாலை 7:31

பழையதையே துடைத்துப் போட்டு முடுக்கிவிட்டேன். இப்போது போய்ப் பார்த்தேன், பவுடர் நனைந்திருக்கிறது. ஹார்டுவேர் கடை எட்டு மணி வரைதான், கிளம்பிவிட்டேன்.